எடுத்துக் கொடுத்தவள்

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் சின்ன வெங்காயம் உரி என்று எந்தச் சாமியாரும் பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, தனக்கு இதுவரை சொன்னதில்லை, சொல்லியிருந்தால் எப்போதோ திருந்தியிருப்போம் என்று ஜெசிந்தா நினைத்தாள். உள்ளே மகள் ஷெரின் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். நிஜப் பரீட்சை அடுத்த வாரம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இது அவளே அவளுக்கு வைத்துக்கொண்டது. விடிகாலைப் பூசைக்குப் போய் வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக யூனிஃபார்மை மாட்டி, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி, பரீட்சை அட்டையும் பேனாவும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நின்றாளே ஒரு நிற்பு. "பத்து மணிலேருந்து நான் வீட்ல இல்லம்மா. ஸ்கூல்ல இருக்கேன். கூப்பிடாத, காப்பி கொண்டாராத, எட்டிப் பாக்காத." "யூனிஃபார்ம் எதுக்குடி? உன்னய யாரு செக் பண்ணப் போறா?" "உடம்புக்குத் தெரியணும்ல." "என்ன தெரியணும்?" "இது பரீட்சைன்னு." அப்படியே கதவைச் சாத்திவிட்டாள். தாழ்கூடப் போடவில்லை, வெறுமனே சாத்தினாள், அதுதான் எரிச்சல். தாழ் போட்டிருந்தால் இரண்டு தட்டுத் தட்டிச் சண்டை போடலாம். தாழ் போடாத கதவை என்ன செய்வது, அதைத் திறக்காமல் இருப்பது முழுக்க முழுக்க இவள் பொறுப்பு அல்லவா, பதினைந்து வயதுக் கழுதைக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சாமர்த்தியம், அப்பா பக்கம் நிச்சயம் இல்லை, அந்தப் பக்கத்தில் சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்த வீட்டில் அடுப்படிக்கு மேல் ஒழுகும் இடத்தை எப்போதோ பூசியிருப்பார்கள். வெங்காயத் தோல் காற்றாடியில் பறந்து கதவருகே போய் ஒட்டியது. எடுக்கப் போகலாம். தோலை எடுக்கத்தானே, குனிந்து எடுக்கும்போது காதில் ஏதாவது விழுந்தால் அது பாவமா. ஜெசிந்தா எழுந்து, பாதி தூரம் போய், தோல் அங்கேயே கிடக்கட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தன்மேல் தனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. இப்படித்தான் வர வேண்டியிருக்கிறது, தோல் தோலாக.

சத்தம் இல்லாததுதான் பயம். படிப்பு என்றால் சத்தம் என்றே இவள் வளர்ந்தாள். திண்டுக்கல்லில் அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே சாலையில் போகிறவனுக்குக்கூட எந்த வகுப்பில் என்ன பாடம் என்று தெரியும், அப்படி ஒரு ஓசை. சிஸ்டர் பெர்க்மான்ஸ் வரிசையாக நிற்க வைப்பார், ஸ்கேலால் மேசையை ஒரு தட்டு, முதல் வார்த்தையை மட்டும் சொல்வார், அவ்வளவுதான், ஜெசிந்தா மீதியைக் கடகடவென்று இறக்கிவிடுவாள், மூச்சு விடுகிற இடம் உட்பட புத்தகத்தில் இருக்கிறபடி. கமா தப்பாது. ஒப்பித்தலில் பரிசு, பேச்சுப் போட்டியில் பரிசு, மேடையில் ஏறினால் மைக்கே பயப்படும். அந்த ஓசையைத்தான் அவள் சீதனம் மாதிரி இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஷெரின் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதே மடியில் புத்தகம், கையில் கரண்டி, "ம், சொல்லு." பிள்ளை திணறினால் இவள் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள், பிள்ளை பிடித்துக்கொண்டு ஓடும். என்ன ஒரு சுகம் அது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. எடுத்துக் கொடுப்பது, பிடித்துக்கொள்வது, எடுத்துக் கொடுப்பது, பிடித்துக்கொள்வது. வருஷக்கணக்கில் சாயங்காலம் என்றால் அவர்கள் இருவருக்கும் அதுதான். மற்ற வீடுகளில் அம்மாக்கள் சீரியல் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லையே, நான் உட்கார்ந்தேனே, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்தேனே. சார்ட் பேப்பரில் கலர் கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டு பீரோவில் ஒட்டினேனே. விடிவதற்கு முன்னால் எழும்ப வேண்டியது, பல் விளக்க இவ்வளவு நேரம், கணக்குக்கு இவ்வளவு, ஹார்லிக்ஸுக்கு இவ்வளவு, ஜெபத்துக்குக்கூட ஒரு ஊதாக் கட்டம். பார்க்கிறவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்படி ஒரு நாள்கூட நடந்ததில்லை என்பது வேறு விஷயம். திங்கட்கிழமை ஒரு கட்டம் தவறினால் அடுத்த கட்டம் தவறும், செவ்வாய்க்கிழமை அழுகை, புதன்கிழமை அடி, வியாழக்கிழமை புது சார்ட் பேப்பர்.

வெங்காயம் ஒன்று அழுகல். தூர எறிந்தாள். அரையாண்டுப் பரீட்சை விடைத்தாளை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள், அழுகலைப் பார்த்ததும் அது வந்துவிட்டது. அறிவியல் தாள். பெரிய கேள்விகள் வருகிற பக்கத்தில், ஓரத்தில் கேள்வி எண் மட்டும் அழகாகப் போட்டு, அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த எண், ஒன்றும் இல்லை. பிள்ளை எழுதத் தெரியாமல் கிறுக்கியிருந்தால்கூடத் தாங்கலாம், இது சுத்தமான வெள்ளை, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். அறிவியல் எடுக்கிற பரிமளா மிஸ் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஷெரினையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, "இவளுக்குப் பாடம் தெரியலன்னு நினைச்சிராதீங்க. இப்பப் பாருங்க," என்று ஏதோ ஒரு பாடத்தின் முதல் வார்த்தையைச் சொன்னார். ஷெரின் நூல் பிடித்த மாதிரி முழுசையும் சொல்லி நிறுத்தினாள். ஜெசிந்தாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "வீட்ல யாரு எடுத்துக் குடுக்குறது?" "நாந்தான் மிஸ்." அப்படிச் சொல்லும்போது முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டாள், பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி. "அதான் பிரச்சனை. பரீட்சை ஹால்ல நீங்க இருக்க மாட்டீங்கல்ல. முதல் வார்த்தைய யாராச்சும் சொன்னாத்தான் இவளுக்குக் கதவு தொறக்குது. இனிமே சொல்லாதீங்க." ஷெரின் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேள்வியப் படிக்கிறேன்மா. உன் குரலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். வரல," என்றாள். உன் குரலுக்காக. எந்தத் தாய் கேட்டாலும் உச்சி குளிர வேண்டிய வார்த்தை அது. பேருந்து நிலையம் வரைக்கும் ஜெசிந்தா பரிமளா மிஸ்ஸைத் திட்டிக்கொண்டே வந்தாள். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றாள். மிஸ்ஸுக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஷெரின் சொன்னதும், அதுகள் என்ன லட்சணத்தில் படிக்குதோ என்றாள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் திட்டுவதை நிறுத்தினாள். பசிக்கு என்று ஊட்டியது நடக்கவே விடாமல் செய்துவிட்டதா, இவ்வளவு காலம் இடுப்பிலேயே வைத்திருந்தேனா, இறக்கிவிட மறந்தே போனேனா.

அன்று மட்டும் அந்த மிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால். ரிப்போர்ட்டில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தால், எல்லா மிஸ்களும் செய்கிற மாதிரி. இவள் இன்னும் சத்தமாக எடுத்துக் கொடுத்திருப்பாள், விடியலுக்கும் முந்தி எழுப்பியிருப்பாள், இன்னும் ஒரு சார்ட் பேப்பர் வாங்கியிருப்பாள். சேசுவே, அந்தக் கண்ணாடிக்காரியின் நாக்குக்கு நன்றி. என் நாக்குக்குச் சமமான ஒரு நாக்கை நீர் படைத்து அதை அறிவியல் சொல்லிக்கொடுக்க வைத்தீரே, அதற்கு நன்றி. கிறிஸ்துமஸுக்கு கலகலாவும் முறுக்கும் கொடுத்தனுப்பியபோது, நான் செய்தேன் என்று சொல்லாதே, அப்பா வாங்கினது என்று சொல் என்று ஷெரினிடம் சொல்லி அனுப்பினாள். இப்போது நினைத்தால் அது கொஞ்சம் அல்பமாகத்தான் இருக்கிறது. சொல்லியிருக்கலாம். கலகலா நன்றாகவே வந்திருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். அருளப்பன் கறி வாங்கிக்கொண்டு வந்தவர், பையை ஓசைப்படாமல் வைத்துவிட்டு, பூனை மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷன், வீட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி நடப்பதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. "எழுதுறாளா?" என்று கிசுகிசுத்தார். "எனக்கு மட்டும் கதவுக்குள்ள கண்ணு இருக்கா?" "தூங்கிட்டாளோ?" "உங்க மக தூங்குனா கொறட்டை வரும். உங்க மகல்ல." அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார், தோலோடு பாதி வெங்காயத்தையும் சேர்த்து உரித்தார். பிடுங்கிக்கொள்ளலாம் என்று கை போனது, போகட்டும் என்று விட்டாள். இதுவும் புதுப் பழக்கம். ஒன்றை விடப் பழகினால் மற்றதும் விட்டுப்போகும் போல. டீவியைப் போடாமல், வெளியே டீக்கடையிலும் உட்காராமல், ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்துவிட்டு ஒரு மனுஷன் இப்படி வெங்காயத்தைக் கொலை செய்துகொண்டிருக்கிறார், அவருக்கும் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும், வாயால் சொல்ல முடியாது, குழம்பில் எலும்பு அவருக்குக் கூடுதலாகப் போட்டால் புரிந்துகொள்வார்.

இந்த மூன்று மாதமாக அந்த அறைக்குள் நடப்பது படிப்பா என்றே இவளுக்கு முதலில் சந்தேகம். புத்தகத்தைக் கொஞ்ச நேரம் படிப்பாள், மூடுவாள். மூடிவிட்டு விட்டத்தைப் பார்ப்பாள். மூடின புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தால் மார்க் எங்கிருந்து வரும், பல்லியா போடும். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தெரிந்ததை எல்லாம் தன் வார்த்தையில் எழுதுவாள், தெரியாத இடத்தில் ஓட்டை விட்டுவிட்டுப் போவாள், அப்புறம் புத்தகத்தைத் திறந்து ஓட்டைகளை மட்டும் சிவப்பில் அடைப்பாள். "எதுக்குடி ஓட்டை விடுற, பாத்து எழுத வேண்டியதுதான?" "ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானம்மா அடைக்க முடியும்." வாஷிங் மெஷின் ஓடும்போது அதன் முன்னால் நின்று அமிலம் காரம் எல்லாம் விளக்குவாள், மெஷினும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டும். படித்த பாடத்தை அன்றோடு விட மாட்டாள். நாலைந்து நாள் கழித்து, மறந்துபோகிற சமயம் பார்த்து, திருடனைப் பிடிக்கிற மாதிரி திரும்பப் போய்ப் பிடிப்பாள். போனை அலமாரியில் வைத்துச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள், என்னிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தால் போனை நான் நோண்டுவேனாம். டைம்டேபிள் என்று கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு. இன்றைக்கு இந்தப் பாடம், கூட ஒரு பழைய பாடம், அவ்வளவுதான், பாதிச் சீட்டு காலி. "இது என்னடி காலியா கெடக்கு?" "சளி பிடிக்கும், கரண்ட் போகும், நீ திட்டுவ, நான் அழுவேன், அதுக்கெல்லாம் நேரம் வேணும்ல." திட்டுக்கும் அழுகைக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கிறாள். ஊதாக் கட்டத்தில் ஜெபத்தை அடைத்தவளுக்கு அது தோன்றவில்லையே. சோம்பேறிகளுக்கென்றே செய்த டைம்டேபிள் என்று சொன்னாள் அன்று. ஆனால் ஒரு நாள்கூட அது தவறவில்லை, தவறினாலும் அந்தக் காலி இடத்தில் விழுந்து எழுந்து வந்துவிட்டது, புதன்கிழமை அடி நின்று எவ்வளவு நாளாயிற்று என்று ஜெசிந்தா யோசித்தாள். கை கொஞ்சம் வெட்கப்பட்டது.

அப்போதுதான் அது வந்தது. கதவுக்குள்ளிருந்து, பழைய குரலில், மூன்றாம் வகுப்புக் குரலில். "அம்மா."

ஜெசிந்தாவின் கையில் வெங்காயம் நின்றது. "அம்மா, இதயத்தின் அமைப்பு எப்பிடிம்மா ஆரம்பிக்கும்?"

வார்த்தை நாக்கின் நுனியில் வந்து குதித்தது, கூப்பிட்டதும் ஓடி வருகிற நாய்க்குட்டி மாதிரி. தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, காற்றில் ஊதினால் போதும், உள்ளே குழாய் திறந்துவிடும், பக்கம் பக்கமாகக் கொட்டும். நிஜப் பரீட்சை இல்லையே, இது விளையாட்டுத்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமே. அடுத்த வாரம் அவள் ஹாலில் உட்கார்ந்து கேள்வி எண் போட்டு அடிக்கோடிட்டு என் குரலுக்காகக் காத்திருப்பாள். வெள்ளைத் தாள். சலவைத் தாள். அருளப்பன் முகம் தவித்தது. "பாவம், கேக்குறாளே. ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன்," என்று கிசுகிசுத்தார். அந்த மனுஷன் தன்னைப் பேசச் சொல்வதை ஜெசிந்தா முதல் தடவையாகக் கேட்கிறாள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் வாயை மூடு என்பதைத் தவிர அவர் எதுவும் வேண்டியதில்லை. இவள் அவரை ஒரு முறை முறைத்தாள். மேலே சுவரில் திரு இருதய ஆண்டவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நின்றார், இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் என்று, அவரும் ஒரு வார்த்தை சொல்கிற வழியாக இல்லை. அவர் சொல்ல மாட்டார், அவர் கடவுள், நான் பெற்றவள், என்னால் எப்படி. "அம்மா? இருக்கியா?" இருக்கேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. இருக்கேன் என்று வாயைத் திறந்தால் பின்னாலேயே அதுவும் வந்துவிடும், தன்னைப் பற்றி இவளுக்குத் தெரியாதா. உரித்த வெங்காயத்தை அப்படியே வாயில் போட்டுக் கடித்தாள். காரம் மூக்கில் ஏறியது, கண்ணில் கொட்டியது, இன்னொன்றையும் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய வெங்காயத்தை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. பிரசவ அறையில்கூட இவ்வளவு பயம் இல்லை, அங்கே கத்தலாம். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து வருகிறாளா. வந்து கதவைத் திறந்து அந்த முகத்தைக் காட்டினால் முடிந்தது, எல்லாம் போய்விடும், வராதே, வராதே பாப்பா, உட்காரு. நாற்காலி திரும்ப இழுபட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது நீண்டுகொண்டே போனது. தெருவில் கோலப்பொடிக்காரன் கூவிக்கொண்டு போனான், அவனுடைய முதல் வார்த்தையை அவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். பேனா இல்லை, பேனா என்றால் இழையும், இது உரசியது. நீளமாக ஒரு உரசல், வளைந்து இறங்குகிற மாதிரி, நின்று, மறுபடி. அப்புறம் மேசை லேசாக ஆடுகிற சத்தம், தடதடவென்று. ஜெசிந்தா தலையைச் சாய்த்தாள். ரப்பர். அழிக்கிறாள். பென்சிலை எடுத்திருக்கிறாள். படம் போடுகிறாள். ஆரம்பம் வராவிட்டால் போகட்டும் என்று படத்திலிருந்து உள்ளே நுழைந்துவிட்டாள் கழுதை. முதல் வரியிலிருந்துதான் போக வேண்டும் என்று யார் சொன்னது, சிஸ்டர் பெர்க்மான்ஸ் சொன்னார், நான் சொன்னேன், இதயத்துக்கு என்ன ஒரே வாசலா, முன்வாசல் பூட்டியிருந்தால் பின்பக்கமாகப் போக வேண்டியதுதானே, எனக்கு ஏன் இது ஒரு நாளும் தெரியவில்லை. உரசல் நின்று கொஞ்ச நேரத்தில் பேனா ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக, தாள் புரள்கிற சத்தம், மறுபடி பேனா. அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்," என்றார். "ஆமா, வெங்காயம்தான்," என்றாள் ஜெசிந்தா, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. நன்றி சேசுவே, நன்றி மாதாவே, எத்தனையோ தடவை ஜெபமாலை உருட்டியிருக்கிறேன், வார்த்தை சிந்தாமல் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று தெரியாமல் போய்விட்டதே.

எழுந்து கறியைக் கழுவினாள். மனசு லேசாக, கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அடக்கிவைத்த பதில் இன்னும் தொண்டைக்குள் நின்றது, அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும் போல, தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று குழாயைத் திறந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நுரையீரல்களுக்கு நடுவே. ஆம், அதுதான் ஆரம்பம். நுரையீரல்களுக்கு நடுவே, மார்புக்கூட்டுக்குள். மார்புக்கூட்டுக்குள் அமைந்துள்ள. அமைந்துள்ள. ஜெசிந்தா கறியைப் பிசைந்துகொண்டே நின்றாள். அடுத்து என்ன. பக்கம் தெரிகிறது, இடது பக்கம், ஓரத்தில் எண்ணெய்க் கறை, கீழே படம். வார்த்தை வரவில்லை. நாலு அறை, அது தெரியும். எந்த அறைக்கு எங்கிருந்து இரத்தம் வருகிறது, எது நல்லது, எது கெட்டது, எது எங்கே போகிறது. திரும்ப முதலிலிருந்து சொன்னாள், அதே இடத்தில் மாட்டிக்கொண்டது, பழைய ரெக்கார்டு மாதிரி. இவள்தான் ஷெரினை அத்தனை தடவை ஒப்பிக்க வைத்தவள், ஒவ்வொரு தப்பையும் பிடித்தவள், அத்தனை தடவையும் புத்தகம் இவள் மடியில் திறந்தே இருந்தது. முதல் வார்த்தைகள் மட்டும்தான் இவளிடம். வீடு நிறைய வாசற்படிகள், உள்ளே ஒரு அறைகூட இல்லை.

சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறுத்து அதைவிடப் பெரிதாக ஏதோ வந்தது, அது வெங்காயம் என்று சொல்ல முடியாது. குழாயை மூடினாள். உள்ளே பேனா ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல், ஆரிக்கிள் வெண்ட்ரிக்கிள் என்று எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி. தெரிந்தவள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும். வெளியே வரட்டும், முதலில் சாப்பாடு, கை கழுவியதும் அவளைப் பிடித்து உட்கார வைத்து, இரத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திமிராகத்தான் சொல்வாள், யார் பெற்றது. காலண்டர் தாளை எடு, புத்தகத்தை மூடிவைத்துச் சொல் என்று உத்தரவு வேறு போடுவாள். போடட்டும். அவள் சொல்லி முடிக்கும் வரை நடுவில் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.